அரிவாள்மனையின் நாலாவது மூலை

பிலோமினா டீச்சரின் வீணை காய்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது என்பதால், வீணையின் குடத்தில் கட்டைவிரல் பருமனுக்கு முள்ளும் பச்சையுமாக ஒரு பலாப்பிஞ்சு தொங்குவதைக் கண்டதும் டீச்சர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பிஞ்சைப் பார்த்தார், பிறகு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "அப்பாடா, வெடிப்பு இல்ல" என்றார். மூன்று நாளாக அந்த இடத்தில் பாலிஷ் லேசாக உப்பிக்கொண்டு வந்ததைப் பார்த்து, மரம் வெடிக்கப்போகிறது, நாலு வருஷம் காத்திருந்து வாங்கிய வீணை நாலே மாதத்தில் போகப்போகிறது என்று மூன்று நாளும் சோறு இறங்காமல் கிடந்தவர் அவர். வெடிப்புக்குப் பயந்த மனுஷிக்குக் காய் ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. பால்காரரிடம், போகிற வழியில் உலகநாத ஆசாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி சொல்லிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வெண்ணாற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரில், தந்திக்காரத் தெருவில் மட்டும் பதினொரு வீணைப் பட்டறைகள். பத்துப் பட்டறைகளில் குடத்தைத் தனியாக, தண்டியைத் தனியாக, யாளித் தலையைத் தனியாகச் செய்து ஒட்டுவார்கள். குடமும் தண்டியும் தலையும் ஒரே பலாக்கட்டையில் குடைந்தெடுக்கிற ஏகாண்ட வீணை செய்கிறவர் உலகநாத ஆசாரி ஒருத்தர்தான். ஐம்பத்திரண்டு வயது, ஒல்லி, அதிகம் பேசாத ஆள், அவருக்கும் சேர்த்து அவர் மனைவி தையல்நாயகி பேசிவிடுவார். பால்காரர் சொன்ன செய்தியை வாங்கிக்கொண்டு சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போன ஆசாரி, வீணையைச் சுற்றி வந்து, வாசிக்கிறவர் மடிக்கு எதிர்ப்புறமாகக் குனிந்து, பிஞ்சு எங்கே முளைத்திருக்கிறது என்று பார்த்தார். மேல்பலகைக்கு ஒரு சாண் கீழே, தாமரை இதழ் செதுக்கிய வரிசைக்கு நேர் கீழே.

"வெடிப்போன்னு பயந்தே போயிட்டேன் ஆசாரியாரே. நல்லவேளை, காய்தான்" என்றார் டீச்சர், காப்பித் தம்ளரை நீட்டி. "இதனால வாசிப்புக்கு ஒண்ணும் கெடுதல் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல டீச்சர். நல்லா ஊனித்தான் நிக்குது" என்றார் ஆசாரி. காப்பி சூடாக இருக்கிறதா ஆறிப்போனதா என்றுகூடத் தெரியாமல் குடித்து முடித்தார்.

அந்த இடத்தில், அதே இடத்தில்தான், அரக்குப் பாலிஷ் பத்துப் பூச்சுக்குக் கீழே, ஊரில் ஒருத்தருக்கும் தெரியாத ஒரு ஒட்டு இருந்தது.

அது நடந்த விதம் இதுதான். குடத்தைக் குடைகிறவனுக்கு அளவுகோல் கிடையாது, காதுதான் அளவுகோல். உள்ளே உளியால் நாலு சீவு சீவ வேண்டும், வெளியே விரல்முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் கேட்க வேண்டும், மரம் கனமாக இருந்தால் தூங்கி எழுந்தவன் மாதிரி முனகும், சுவர் ஒரு விரல் கனத்துக்கு வந்ததும் தெளிவாகப் பதில் சொல்லும், பதில் சொன்ன இடத்தில் உளியை எடுத்துவிட வேண்டும். முப்பது வருஷமாக ஆசாரி தட்ட, மரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. டீச்சரின் வீணையைக் குடைந்த அன்றைக்கு அடுத்த தெருக் கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கி கட்டி அலறவிட்டிருந்தார்கள். ஆசாரி தட்டினார், மரம் என்னவோ சொன்னது, அதை அவர் முனகல் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு சீவு சீவினார், உளியின் நுனி வெளியே வந்து வெளிச்சம் பார்த்தது. ஒரு கொட்டைப்பாக்கு போகிற அளவுக்கு ஓட்டை.

ஒட்டு வீணை செய்கிற பத்துப் பட்டறைக்காரர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை, விழுந்த துண்டிலேயே ஒன்றை எடுத்து வச்சிரப் பசை தடவி அடைத்துவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொள்வார்கள். ஏகாண்ட வீணைக்கு அந்தத் தெருவில் வேறு முறை. ஏகாண்டக் கட்டையிலிருந்து விழுகிற சிராய் ஒன்றுகூட பட்டறையில் இரவு தங்கக் கூடாது. அன்றன்றைக்குக் கூட்டி அள்ளி அடுப்பில் போட்டுவிட வேண்டும், தங்கினால் ஒட்டுப்போட ஆசை வரும். வீணையை ஒப்படைக்கும்போது ஆசாரி குடத்தின் மேல் கை வைத்து, மூன்று முறை தட்டி, "ஒரே மரம், ஒட்டு இல்லை, என் கை சாட்சி" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் வாங்குகிறவர் தொடலாம். ஆகவே ஓட்டை விழுந்த அன்றைக்கு, முந்தின நாள் வரை விழுந்த சிராய் எல்லாம் சாம்பல், அன்றைக்கு விழுந்ததெல்லாம் நகக்கண் அளவுச் சீவல், அடைக்கிற அளவுக்கு ஒரு துண்டு பலா அந்த வீட்டில் இல்லை, அடுத்த பட்டறையில் கேட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும்.

ஒன்றே ஒன்று இருந்தது. சமையலறை மூலையில் தையல்நாயகியின் அரிவாள்மனை. அதன் கட்டை பலா, கல்யாணச் சீராக அவர் அப்பா ஆலங்குடிப் பக்கத்து வீட்டு மரத்தில் ஒரு கிளையை வெட்டிச் செய்து கொடுத்தது, முப்பது வருஷம் காய்ந்து இனிச் சுருங்கவும் விரியவும் முடியாத மரம், ஆசாரிக்கு அதைவிட நல்ல துண்டு தேடினாலும் கிடைக்காது. தையல்நாயகி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அதன் ஒரு மூலையை மூன்று விரற்கடை அகலத்துக்கு அறுத்தெடுத்தார். ஒட்டினார், இழைத்தார், உப்புத்தாள் போட்டார், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் தடவித் தடவி, பத்துப் பூச்சில் இரண்டு மரத்தையும் ஒரே நிறமாக்கினார். அறுத்த மூலையை எலி கடித்த மாதிரி கொஞ்சம் பிறாண்டியும் வைத்தார். முப்பது வருஷத்தில் அவர் செய்த ஒரே திருட்டு அதுதான், அதிலும் இவ்வளவு வேலைத்திறமை காட்டியிருக்க வேண்டாம்.

தையல்நாயகி ஆடுகிற அரிவாள்மனைக்கு அடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, ஒன்பது மாதம் எலிகளைத் திட்டினார். எலிப்பொறி வாங்கினார். மூன்று எலிகள் செத்தன.

ஒப்படைத்த நாளன்று ஆசாரி குடத்தில் கை வைத்து அந்த வார்த்தைகளைச் சொன்னார். மறுநாள் காலையில் அடுத்த வீணைக்காக மர வியாபாரி ராவுத்தர் இறக்கிவிட்டுப் போயிருந்த புதுக்கட்டையைத் தட்டிப் பார்த்தார். பதில் இல்லை. இன்னும் பலமாகத் தட்டினார். மணல்மூட்டையைத் தட்டின மாதிரி இருந்தது. கட்டை ஊமை என்று ராவுத்தரைக் கூப்பிட்டுச் சொன்னார், அந்த நல்ல மனிதர் வேறு கட்டை கொண்டுவந்து போட்டார், அதுவும் ஊமை. மூன்றாவது கட்டையை ராவுத்தரே தட்டி, "கணீர்னு இருக்கே ஆசாரி" என்றபோதுதான், ஊமையானது மரம் இல்லை, தன் காது மரத்துக்கு மட்டும் அடைத்துப்போயிருக்கிறது என்று உலகநாதருக்குப் புரிந்தது. மனிதர்கள் பேசுவது கேட்டது, சைக்கிள் மணி கேட்டது, தையல்நாயகி பேசுவது தேவைக்கு மேலேயே கேட்டது. மரம் மட்டும் பேசவில்லை. மரம் பேசாமல் ஒரு குடத்தைக் குடைய முடியாது. முட்டிவலி என்று சொல்லிக்கொண்டு, தந்தி முறுக்குகிற பிரடையை மாற்றுவது, தண்டியில் பித்தளை மெட்டுகளைப் பிடித்திருக்கிற மெழுகைப் புதுப்பிப்பது, பழைய வீணைக்குப் பாலிஷ் போடுவது என்று சில்லறை வேலையாகச் செய்துகொண்டு ஒன்பது மாதத்தை ஓட்டினார். இனி ஆயுசுக்கும் ஒரு வீணை தன் கையால் வராதோ என்கிற பயம் அவரோடு சாப்பிட உட்கார்ந்தது, அவரோடு எழுந்தது.

வீணை காய்த்ததை ஊர் எடுத்துக்கொண்ட விதத்தைப் பார்த்தால், இத்தனை நாள் ஏன் காய்க்கவில்லை என்று அவர்கள் காத்துக்கொண்டிருந்ததாகத்தான் தோன்றும். வாசிக்கப் பழக வருகிற பெண்கள் மூன்றே நாளில் காயில் முழங்கை படாமல் உட்காரப் பழகிக்கொண்டார்கள். காய் தேங்காயளவு ஆனதும் தரையில் இடிக்காமலிருக்க, எதிர்வீட்டுக்காரம்மா பழைய சேலையைச் சுருட்டிச் சும்மாடு செய்து கொடுத்தார். அணில் வர ஆரம்பித்தது, டீச்சர் கொசுவலை கட்டினார். மெட்டு கட்டுகிற கண்ணுச்சாமி, உலகநாதரின் கூட்டாளி, வாய் ஓயாத மனிதர், தினமும் சாயங்காலம் வந்து மெழுகு இளகுகிறதா என்று சோதித்துவிட்டு, "சுருதியைக் குறைச்சே வச்சுக்குங்க டீச்சர். காய் தாங்குற வீணைக்குச் சுருதி ஏத்துறது, புள்ளத்தாச்சிய மாடிப்படி ஏறச் சொல்ற மாதிரி" என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போவார். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், பெருமாள் கோயில் பட்டர் பழுத்தால் நைவேத்தியத்துக்கு நாலு சுளை வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். தோட்டக்கலை அலுவலகத்திலிருந்து ஒருவர் பதிவேட்டோடு வந்து, பலா, ஒரு மரம் என்று எழுதிக்கொண்டு, "தண்ணி பாய்ச்சுறீங்களா?" என்று கேட்டார்.

"ஐயோ, ஈரத்துணிகூடப் படக் கூடாது சார்" என்றார் டீச்சர்.

"அப்ப மானாவாரி" என்று எழுதிக்கொண்டு போனார்.

காய் பெருக்கப் பெருக்க மந்தரத் தந்தியின் நாதமும் பெருத்தது. டீச்சர் காலையில் ஒரு மீட்டு மீட்டினால் அந்த ரீங்காரம் மதியச் சாப்பாட்டு வரைக்கும் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது, அதைக் கேட்டபடியே டீச்சர் விடைத்தாள் திருத்தினார், எதிர்வீட்டில் குழந்தைகள் அழாமல் தூங்கின, அந்தத் தெருவில் அந்த மாதங்களில் ஒரு சண்டைகூட நடக்கவில்லை என்று சொல்கிறார்கள். நடந்திருக்கும். ரீங்காரத்தில் கேட்டிருக்காது.

உலகநாதருக்கு நெஞ்சில் முள் ஏற்றியது காய் அல்ல, அதற்கு ஊர் கண்டுபிடித்த காரணம். "ஏகாண்டம்னா இதுதாம்ப்பா ஏகாண்டம்" என்று கண்ணுச்சாமி டீக்கடையில் பிரசங்கம் செய்தார். "ஒட்டு வீணை காய்க்குமா? ஒட்டுனா உயிரு போயிடும். ஒட்டே இல்லாத மரம், அதான் தன்னை இன்னும் மரம்னே நினைச்சுக்கிட்டிருக்கு." ஊரே தலையாட்டியது. ஒட்டிலிருந்து தொங்குகிற காய், ஒட்டு இல்லை என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. பட்டறைக்காரர்கள் பதினொரு பேரும் கூடி, தெருமுனையில் ஒரு பலகை வைத்தார்கள். "காய்த்த வீணை பிறந்த தெரு. ஒரே மரம்" என்று கண்ணுச்சாமியே நீலப் பெயிண்டில் எழுதினார். அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் உலகநாதர் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டார்.

காய் முற்றியதும் இன்னொரு சங்கடம் வந்து சேர்ந்தது. பலா பழுத்ததா என்று தட்டித்தான் பார்க்க வேண்டும். தட்டிப் பார்க்க அந்த ஊரில் உலகநாத ஆசாரியை விட்டால் யார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் கூப்பிட்டனுப்பினார். ஆசாரி குனிந்து முள்ளின் மேல் விரல்முட்டியால் தட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. "இன்னும் ஒரு வாரம் போகட்டும்" என்றார். அடுத்த ஞாயிறும் தட்டினார், "இன்னும் ஒரு வாரம்" என்றார். அறுக்கும்போது காம்போடு ஒட்டும் பிய்ந்து வந்துவிடும், ஊர் நடுவே ஓட்டையும் பசையும் பல்லிளிக்கும் என்று அவருக்கு நிச்சயம். இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று காதும் கேட்காமல் மனசும் துணியாமல் அவர் தள்ளிக்கொண்டே போக, நாலாவது வாரம் வாசனை டீச்சர் வீட்டை நிரப்பி, வாசலைத் தாண்டி, தந்திக்காரத் தெரு வரைக்கும் வந்துவிட்டது.

"அந்த வீட்டுல பழம் அழுகுது, இங்க ஒருத்தர் தட்டிக்கிட்டே இருக்காரு" என்றார் தையல்நாயகி. "நாளைக்கு அறுக்குறோம். நானே வர்றேன், எண்ணெயும் அருவாமனையும் எடுத்துக்கிட்டு."

"அருவாமனை எதுக்கு? டீச்சர் வீட்டுல கத்தி இருக்கும்."

"பலாப்பழத்துக்குக் கத்தியா? எங்க அப்பா கேட்டா என்னை வீட்டுக்குள்ள சேக்க மாட்டாரு" என்று முடித்துவிட்டார். அவர் அப்பா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அந்த வீட்டு மரமும் ஒரு புயலில் வேரோடு சாய்ந்து, இஞ்சிப்பலா என்று அவர்கள் ஊரில் பேர் வாங்கிய அந்தப் பழம் இனி உலகத்தில் எங்கேயும் இல்லை என்று ஒவ்வொரு பலாப்பருவத்திலும் தையல்நாயகி ஒரு முறையாவது சொல்லாமல் இருந்ததில்லை.

மறுநாள் பூசை முடிந்து டீச்சர் வந்ததும், கூடத்தில் பாய் விரித்து வீணையைக் கிடத்தினார்கள். கண்ணுச்சாமி தந்திகளைத் தளர்த்திவிட்டார். ராவுத்தர் தன் மரத்தின் பழத்தைப் பார்க்க வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு வந்திருந்தார். பட்டறைக்காரர்கள், வீணை பழகும் பெண்கள், எதிர்வீட்டுக்காரர்கள் என்று கூடம் நிறைந்து வாசல் வரைக்கும் ஆட்கள். உலகநாதர் தன் மெல்லிய உளியை எடுத்துக் காம்பில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரே அறுப்பு. பழம் சும்மாட்டில் உட்கார்ந்தது. கண்ணைத் திறந்து பார்த்தார். ஒட்டு பிய்யவில்லை. காம்பு இருந்த இடத்தில் ஒரு சொட்டுப் பால் மட்டும் வெள்ளையாகத் திரண்டு நின்றது. தப்பித்தோம் என்று அவர் பெருமூச்சு விட்டார், ஆனால் அந்த மூச்சு பாதியிலேயே நெஞ்சில் நின்றுகொண்டது.

தையல்நாயகி சிரட்டையை முட்டுக்கொடுத்து அரிவாள்மனையின் மேல் உட்கார்ந்து, கையிலும் அரிவாளிலும் எண்ணெய் தடவி, பழத்தைப் பிளந்து, சடையை நீக்கி, சுளைகளை எடுத்துத் தாம்பாளத்தில் போட்டார். மஞ்சளும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் அந்திநேரத்து நிறம். டீச்சருக்கு ஒன்று, சாமியாருக்கும் பட்டருக்கும் எடுத்துவைத்தது போக ஆளுக்கொன்று என்று கொடுத்துவிட்டுக் கடைசியில் தான் ஒன்றை வாயில் போட்டார். மென்றார். மெல்வதை நிறுத்தினார். கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். இன்னொரு சுளை எடுத்துக் கடித்தார். அப்புறம், எப்போதும் ஊருக்கே கேட்கிற அந்தக் குரல் யாருக்கும் கேட்காத அளவுக்குச் சின்னதாகி, "எங்க அப்பா மரம்" என்றார்.

"என்னக்கா?" என்றார் டீச்சர்.

"இனிச்சு முடிஞ்சப்பறம் தொண்டையில இஞ்சி மாதிரி சுருக்குன்னு பிடிக்குதா இல்லையா? சொல்லுங்க. பிடிக்குதா இல்லையா? எங்க அப்பா மரம் டீச்சர் இது. புயல்ல போன மரம்."

எல்லோரும் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். பிடித்தது.

கண்ணுச்சாமி துள்ளி எழுந்தார். "அப்படின்னா கட்டையே ஆலங்குடிக் கட்டைதான்! என்ன ராவுத்தரே?"

ராவுத்தர் தாடியைச் சொறிந்தார். "நான் பண்ருட்டியிலதான் எடுத்தேன். ஆனா லாரிக்காரன் வழியில எங்கெங்கயோ ஏத்துவான், இறக்குவான். இருந்தாலும் இருக்கும்."

கூடம் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. இருக்கும், அதுதான், லாரியில் மாறியிருக்கும் என்று ஆளாளுக்குச் சேர்த்துச் சேர்த்து, ஆசாரி வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல், அவர் பொய்க்கு ஊரே கூரை வேய்ந்து கொடுத்தது. ஒரு தலையாட்டல் போதும், காலத்துக்கும் அவர் பத்திரம். தையல்நாயகி எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வீணைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தண்டியைத் தடவினார். யாளியின் முகத்தைத் தடவினார். "முழு மரமும் இங்கயா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே, கண்ணில் நீர் வழிய, பிறந்த வீட்டு மனிதரைத் தடவுவதுபோல அந்தப் பண்ருட்டி மரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

அதைத்தான் உலகநாதரால் தாங்க முடியவில்லை. ஊரை ஏமாற்றியது ஒன்பது மாதம் நெஞ்சில் கிடந்தது, அதையும் சுமந்துகொண்டே சுடுகாட்டுக்குப் போயிருப்பார். ஆனால் இவள் தப்பான மரத்தைக் கட்டிக்கொண்டு அழுவதை உட்கார்ந்து பார்க்க முடியாது.

"அது இல்ல தையலு" என்றார். "அதெல்லாம் பண்ருட்டி."

தையல்நாயகி திரும்பினார்.

ஆசாரி உளியை எடுத்து, பால் திரண்டு நின்ற இடத்தைச் சுற்றிப் பாலிஷை மெல்லச் சீவினார். மூன்று விரற்கடை அகலத்துக்குக் கருத்த ஒரு துண்டு, சுற்றிலும் வெளுத்த மரம். நடுவில் பசைக்கோட்டைத் தேடினால் கிடைக்கவில்லை, இரண்டு மரமும் சதையோடு சதையாக வளர்ந்து கூடியிருந்தன, நிறம் மட்டும்தான் வேறு. பிறகு அரிவாள்மனையைத் தூக்கி, சிரட்டையைத் தள்ளிவிட்டு, அறுபட்ட மூலையை அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். ரேகை ரேகையோடு சேர்ந்தது.

"இந்த மூணு விரக்கடைதான் உங்க அப்பா மரம். குடையறப்போ ஓட்டை விழுந்துடுச்சு. வீட்டுல வேற பலா இல்ல. நான்தான் அறுத்தேன்." அவர் டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "ஒரே மரம்னு கை வச்சுச் சொன்னேன். பொய் டீச்சர்."

கூடத்தில் ஒருத்தரும் மெல்லவில்லை. வாயில் சுளையோடு அப்படியே நின்றார்கள். முதலில் பேசியது தையல்நாயகிதான்.

"அப்ப எலி?"

"எலி இல்ல."

"ஒம்போது மாசமா பொறி வச்சு மூணு எலியக் கொன்னுருக்கேனே, பாவி மனுஷா! அதுங்க என்னய்யா பண்ணுச்சு?"

ராவுத்தர்தான் முதலில் சிரித்தது. அடக்கப் பார்த்து முடியாமல் ஜிப்பா குலுங்கச் சிரித்தார், அது கண்ணுச்சாமிக்குத் தொற்றி, பெண்களுக்குத் தொற்றி, வாசலில் விஷயமே கேட்காதவர்கள்வரை போனது. தையல்நாயகி மட்டும் அழுகையும் சிரிப்புமாக, இந்த முறை சரியான இடத்தில், அந்த மூன்று விரற்கடையின் மேல் கை வைத்துக்கொண்டார்.

டீச்சர் சிரிக்கவில்லை. அவர் தந்திகளை ஒவ்வொன்றாக முறுக்கி ஏற்றி, மந்தரத் தந்தியை ஒரு மீட்டு மீட்டினார். அது எழுந்து, கூடத்தைச் சுற்றி, எல்லோருடைய சிரிப்பையும் அடக்கிவிட்டு நின்றது.

"நேத்து எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு. இதுல ஒரு குறையும் இல்ல" என்றார். "எனக்கு வருத்தம் வீணை மேல இல்ல ஆசாரியாரே, உங்க மேலதான். நாலு வருஷம் எதுக்குக் காத்திருந்தேன்? உங்க வார்த்தைக்குத்தான். ஓட்டை விழுந்துடுச்சு டீச்சர்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருக்க மாட்டீங்க" என்றார் ஆசாரி. அவர் கண் நிறைந்துவிட்டது. "எனக்குத்தான் வாய் வரல."

"இப்ப வந்துச்சு இல்ல. அப்ப முறைப்படி மறுபடியும் ஒப்படைங்க. அதுவரைக்கும் நான் இதைத் தொட மாட்டேன்" என்று டீச்சர் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

உலகநாதர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு குடத்தின் மேல் வைத்தார். மூன்று முறை தட்டினார். "ரெண்டு மரம், ஒரு ஒட்டு, என் கை சாட்சி" என்றார். அந்த வார்த்தைகளை அந்தத் தெருவில் யாரும் அதுவரை சொன்னதில்லை, ஆனாலும் பழகின வார்த்தைகள் மாதிரியே இருந்தன. டீச்சர் வீணையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, பலகையை இப்ப என்ன செய்யறது?" என்றார் கண்ணுச்சாமி, கவலையோடு.

"ரெண்டு மரம்னு மாத்தி எழுதுங்க" என்றார் டீச்சர். "காய்ச்சது காய்ச்சதுதானே."

அப்போதுதான் தையல்நாயகி புருஷன் கையில் ஒன்றுமே இல்லாததைப் பார்த்தார். தாம்பாளத்தில் மீதியிருந்த ஒரு சுளையைக் கொட்டை நீக்கி அவர் வாயருகே நீட்டினார், இத்தனை பேர் முன்னால் அப்படி அவர் என்றைக்கும் செய்ததில்லை. ஆசாரி வாங்கி மென்றார். இனித்தது, இனித்து முடிந்ததும் தொண்டையில் சுருக்கென்று பிடித்தது, நெஞ்சில் பாதியில் நின்றிருந்த மூச்சு அப்போதுதான் முழுசாக வெளியே வந்தது.

மதியம் போல இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். தையல்நாயகி மடியில் கொட்டைகளைக் கட்டிக்கொண்டு, அரிவாள்மனையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எலிகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். புதுசாக ஒரு மூலை வைத்துத் தருகிறேன் என்று ஆசாரி சொன்னதற்கு, "ஒண்ணும் வேணாம், அது அங்கயே இருந்து காய்க்கட்டும், எனக்குச் சிரட்டை போதும்" என்றார். தெருமுனைப் பலகையில் கண்ணுச்சாமி ஏற்கெனவே ஏணி போட்டு ஏறியிருந்தார். உலகநாதர் குனியாமல் அதைப் பார்த்துக்கொண்டே கடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தையல்நாயகி கொட்டைகளை ஈரச் சாக்கில் சுற்றிவைக்கக் கொல்லைக்குப் போய்விட்டார். உலகநாதர் பட்டறையில் நின்றார். ராவுத்தர் இறக்கிப்போட்ட மூன்றாவது கட்டை ஒன்பது மாதத் தூசியோடு மூலையில் சாய்ந்திருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்தார். தட்டலாமா வேண்டாமா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரல்முட்டியை மடக்கி, மூன்று முறை தட்டினார்.

"யாரது கதவத் தட்டுறது?" என்று கொல்லையிலிருந்து தையல்நாயகி குரல் கொடுத்தார்.

கட்டைக்குள்ளிருந்து வந்த பதில் இன்னும் அவர் விரலிலேயே அதிர்ந்துகொண்டிருந்தது. அது முழுசாக அடங்குகிற வரைக்கும் கேட்டுவிட்டு, உலகநாதர் சொன்னார்.

"நான்தான்."